கண்டியில் வாங்கிய வாத்து ஜப்லா

சாயங்காலம் நாலு இருபது. இலங்கையில், கண்டி நகரத்துத் துணிக்கடை ஒன்றில், குழந்தைக்கான ஜப்லா ஒன்றை வாங்கிக் கவரோடு நின்றேன். அப்போதுதான் போன் அடித்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். அந்த போன்தான் காரணம்.

திண்டுக்கல்லில் எங்களுக்குப் பெயின்ட் கடை. நன்றாக விற்றுக் கொடுக்கும் டீலர்களைக் கம்பெனி ஜோடியாக டூர் அனுப்பும். இந்தத் தடவை இலங்கை. ஆனால் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் சில வாரம் இருந்தது. போகலாமா… வேண்டாமா?

"போயிட்டு வாங்க மதினி, நான் வந்து இருந்துக்கிடுறேன்" என்று வடமதுரையிலிருந்து பையோடு வந்துவிட்டார் என் சம்பந்தியம்மா. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "அங்கன கடை கண்ணின்னு போவீங்க. பிள்ளை பொறக்கமுன்ன அதுக்குன்னு ஒரு நூல்கூட வாங்கிராதீங்க. மொதல்ல பழைய வேட்டித் துணிதேன் மேல படணும்."

நான் சிரித்தேன். இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள்?

கண்டிக் கடையில் எல்லாமே கைத்தையல். வெள்ளைப் பருத்தி, நெஞ்சில் வரிசையாக மஞ்சள் வாத்துகள். உள்பக்கம் திருப்பினால் ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. விற்ற பெண் தமிழில் கேட்டார்: "யாருக்கு அக்கா? எத்தனை மாசம்?"

"தெரிஞ்சவங்க பிள்ளைக்கு. மூணு மாசம்."

பொய். சிரித்த அதே வாய்தான்.

போனில் மகள். "அம்மா, காலையிலேருந்து பிள்ளை அசையுறது கொறைச்சலா இருக்கும்மா. அத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நீ பயப்படாத."

மகள் இப்படிச் சொல்லி, எந்தத் தாய் பயப்படாமல் இருந்திருக்கிறாள்?

கவரைத் திருப்பி நீட்டினேன். "நீங்களே வெச்சுக்கங்கம்மா. பணம் வேண்டாம்."

"தையல் சரியில்லையா அக்கா?" அந்தப் பெண்ணின் முகம் சுண்டிவிட்டது. என்னவென்று சொல்வது? பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹோட்டலில் குப்பைக்கூடை வரை கொண்டுபோனேன். போடக் கை வரவில்லை. குழந்தை உடுப்பைக் குப்பையில் போட்டு, அதனால் வேறு ஏதாவது ஆகிவிட்டால்? சகுனம் பார்க்காதவள் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த போன் வரும் வரைதான்.

மறுநாள் டூரைப் பாதியில் விட்டு, கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானம். அங்கிருந்து கார். "துடிப்பு நல்லா இருக்காம்… சும்மா பார்வையிலதான் வெச்சிருக்காங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் என் வீட்டுக்காரர். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா?

ஆஸ்பத்திரியில் சம்பந்தி மதினி ராத்திரியெல்லாம் கண் மூடாத முகத்தோடு எழுந்தார். "நீங்க பக்கத்துல இருங்க. வேட்டித் துணி துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன், வீட்டுக்குப் போயி எடுத்துட்டு வாரேன்." பஸ் ஏறப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். துடிப்பு இறங்குகிறது… உடனே ஆபரேஷன்.

கதவு மூடியது. உட்கார்ந்தேன். எழுந்தேன். நடந்தேன். தோளில் பை கனத்தது. ஒரு ஜப்லா என்ன எடை இருந்துவிடும்?

கதவு திறந்தது. "பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றார் நர்ஸ். "துணி குடுங்க."

"வந்துக்கிட்டிருக்கு…"

"பிள்ளை வெறும் மேலோட இருக்கும்மா. இருக்கிறதக் குடுங்க."

வீட்டுக்காரர் என் பையையே பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

பேத்தி வாத்துகளோடு வந்தாள். மடியில் வைத்து, மூச்சு விடுகிறாளா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறேன்.

மூச்சு வாங்க, துணிப்பையோடு வந்து நின்றார் மதினி. பேத்தியைப் பார்த்தார். வாத்துகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜப்லாவின் ஓரத்தை இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, தையலைப் பார்த்தார்.

"ஏன் மதினி… ஒண்ணுதேன் வாங்குனீங்களா?"