திம்பம் மலையில் இரண்டு டீசல் லாரிகள்

போன சங்கராந்தி விடுமுறையில் மைசூரிலிருந்து சத்தியமங்கலத்துக்குப் பழைய டீசல் லாரியில் போய், புது டீசல் லாரியில் திரும்பினேன். பள்ளிக்கூட டீச்சருக்கு இதென்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. காரணம் என் வீட்டுக்காரர் சூசை. சண்டைக் காலத்து மிலிட்டரி பெட்ரோல் லாரியை எட்டு வருஷம் அடுத்தவருக்காக ஓட்டியவர், இனி சொந்த லாரிதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்காக விற்க இருந்தது என் அம்மா எனக்கு விட்டுப்போன மனை. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டும். பழைய லாரி என்றால் மனையோடு போகும். புதியது என்றால் என் நகைகளும் சேர்ந்து போகும். இரண்டிலும் உட்கார்ந்து பார்க்காமல் பேனாவைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பழையதில் கிளம்பினோம். அதன் சொந்தக்காரர், டிரைவர் எல்லாம் கொள்ளேகால் பக்கத்து ரங்கசாமிதான். லாரியை விற்றுவிட்டுத் தோட்டம் வாங்கப் போகிறாராம். சண்டைக்கு முன் சீமையிலிருந்து வந்த நாலு சிலிண்டர் இன்ஜின். முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒருவர் சுற்ற, இன்னொருவர் வால்வைத் தூக்கிப் பிடித்திருந்து சட்டென்று விட வேண்டும். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, என்ன சத்தம்! நஞ்சன்கூடு வருவதற்குள் என் பல்லெல்லாம் ஆடிவிட்டது. மணிக்குப் பதினெட்டு மைல், அதற்குமேல் கும்பிட்டுக் கேட்டாலும் போகாது.

முப்பத்தெட்டாவது மைலில் சாமராஜநகர், மணி எட்டேகால். இட்லியும் காப்பியும் ஆளுக்கு நாலணா. ரங்கசாமி டீசல் வடிகட்டியைக் கழுவி மாட்டினார். பிறகு அதன் தலையிலிருந்த திருகைத் தளர்த்திவிட்டு, பம்பிலிருந்த சின்னக் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தார். திருகு வழியாக நுரை வந்தது. நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் திருகை இறுக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

“உள்ள காத்து பூந்துக்கிச்சுன்னா டீசல் வண்டி ஓடாதுங்க டீச்சரம்மா. அதைத் தொரத்தோணுமுங்க” என்றார். சூசையோ கடை வாசலில் யாரோடோ எலெக்‌ஷன் பேசிக்கொண்டிருந்தார்.

திம்பம் மலையின் இருபத்தேழு வளைவுகளிலும் இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கியது. பிரேக்கை மிதித்தது நாலைந்து தடவைதான். சுமையோடு ஏறுவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும், ஆனால் தண்ணீர் ஒருநாளும் கொதித்ததில்லை என்றார் ரங்கசாமி. ஒரு கேலன் டீசலுக்கு எட்டு மைல் ஓடுமாம். மத்தியானம் ஒரு மணிக்கு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சத்தியமங்கலத்தில் இறங்கினேன்.

சூசையின் சித்தப்பா மகன் அங்கே, நாங்கள் யோசித்த அதே வகைப் புது லாரி வாங்கியிருந்தார். எங்களை நம்பி, மைசூருக்குப் போகும் கடலைப் புண்ணாக்கு மூட்டைகளோடு வண்டியையே கொடுத்துவிட்டார். நம் நாட்டிலேயே பூட்டிய ஆறு சிலிண்டர் இன்ஜின். உள்ளே கம்பி சூடேற அரை நிமிஷம் பொறுத்து பட்டனை அழுத்தினால் போதும், ஹேண்டிலே வேண்டாம். சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினோம். மலையை ஐம்பதே நிமிஷத்தில் ஏறிவிட்டது! இதில் ஓடும்போதே பேச முடிகிறது. அது லாபமா நஷ்டமா என்று தெரியவில்லை, சூசை வாயே மூடவில்லை. ஜன்னலில் குளிர்காற்று, அவர் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆசனூரைத் தாண்டி இரண்டு மைலில் இன்ஜின் இருமி நின்றது. டாங்க் காலி. பெட்ரோல் லாரியில் இன்ஜின் இருமினால்தான் இவர் கேனைக் கையிலெடுப்பார். எட்டு வருஷப் பழக்கம் அப்படி. இதிலும் கேனிலிருந்த டீசலைக் கவிழ்த்துவிட்டு பட்டனை அழுத்தினார். அழுத்தினார், அழுத்தினார், பேட்டரி முனகி அடங்கியது. சுற்றிலும் யானைக் காடு.

சூசை ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். இரவல் வண்டியைக் கெடுத்துவிட்டேன், மனையை விற்க வேண்டாம், லாரியும் வேண்டாம் என்றார். சாமராஜநகரில் பார்த்ததைச் சொன்னேன், டாங்க் காலியானபோது இதிலும் காற்று புகுந்திருக்கும் என்றேன்.

“அது பழைய இன்ஜின். இது வேற, டீச்சர்” என்றார்.

“ரெண்டும் குடிக்கிறது டீசல்தானே? சொல்ப, கொஞ்சம் எழுந்திருங்க.”

டாங்கிலிருந்து குழாயைத் தொட்டுக்கொண்டே போனேன். பம்பு வந்தது, அதில் சின்னக் கைப்பிடி. அங்கிருந்து வடிகட்டி, அதன் தலையில் திருகு. அவர் ஸ்பானரால் தளர்த்த, நான் கைப்பிடியை அடித்தேன். நுரையாக வந்துகொண்டே இருந்தது. என் கை ஓய்ந்துபோன நேரத்தில் டீசல் தெளிந்து என் புடவையெல்லாம் வழிந்தது. மூங்கில் வெட்டித் திரும்பிய ஆறு பேர் தள்ளிக் கொடுத்தார்கள். சரிவில் உருண்டு வேகம் பிடித்ததும் அவர் கியரில் விட்டார். குபுக்கென்று புகை, இன்ஜின் ஓடியது! நான் டீச்சர் என்பதையும் மறந்து நடுரோட்டில் குதித்தேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். டாங்க் கால்வாசிக்குக் கீழே இறங்க வேண்டாம். அவசரமில்லாதவருக்குப் பழைய இன்ஜினில் ஒரு குறையும் இல்லை, மலையில் இறங்க அதுதான் தைரியம். புதியது கேலனுக்குப் பதினொரு மைல், ஏறுவதற்குப் பாதி நேரம். அதற்குள் என்ன இருக்கிறதோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் தெரியும். லாரி வாங்க வீட்டுக்காரரை மட்டும் தனியே அனுப்பாதீர்கள்.

திங்கட்கிழமை பதிவு ஆபீசுக்குப் போகும் வழியெல்லாம், பழசா புதுசா என்று சூசை கேட்டுக்கொண்டே வந்தார். கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

“வண்டியை நீங்க ஓட்டுங்க. டாங்க்கை நான் பாத்துக்கறேன்” என்றேன்.