நிறுத்தச் சொன்ன விளக்கு

கொட்டாஞ்சேனையில் என் தம்பியின் கார் நாள்தோறும் காலையில் ஜப்பானிய மொழி பேசுகிறது. அந்நாட்டில் ஓடித் தேய்ந்து இங்கே இறக்குமதியான வண்டி அது. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு எதையோ அறிவிக்கும். வீட்டில் எவருக்கும் அது விளங்காது. "ஓம் ஓம், சரி பிள்ளை" என்று பதில் சொல்லிவிட்டுத் தம்பி காரை எடுப்பான். கனடாவிலிருந்து மூன்று வாரங்களுக்கு வந்திருக்கும் நான் முதல்நாள் சிரித்தேன். ஆயினும் அந்தக் கார் சிரிப்புக்குரியதன்று. தம்பியின் மனைவி வசந்திக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. இரத்தம் சுத்திகரிப்பதற்காக, கிழமைக்கு மூன்று தடவை இரத்மலானைப் பக்கமுள்ள மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுசென்று திருப்பிக் கொணர்வது அந்தக் கார்தான். முச்சக்கர வண்டியின் குலுக்கலை இப்போது அவளுடைய உடம்பு தாங்குவதில்லை.

நேற்றுக் காலை, காலிமுகத்திடலைக் கடந்து கொள்ளுப்பிட்டிக்குள் நுழைந்தபோது, அந்தக் குரல் இடைநடுவில் பேசிற்று. வேகமானிக்கு அருகே எஞ்சின் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு. அதன் பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி. தம்பி மிதியை அடிவரை அழுத்தியும் கார் ஊர்ந்தது. வெப்பமானியின் முள்ளும் ஏறிக்கொண்டிருந்தது.

அவ்விளக்கின் பொருளை நான் அறிவேன். ஆங்கிலம் கற்க எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. கனடாவில் வாங்கிய முதற்காரின் கைந்நூலை, அகராதியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக வாசித்துத்தான் கற்றேன். எஞ்சினுக்கு ஆபத்து நேரும்போது கார் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்கிறது. அது மிச்சம் வைக்கும் வலு பயணத்தைத் தொடர்வதற்கன்று, பாதுகாப்பான ஓர் ஓரத்தை அடைவதற்கு மட்டுமே. அங்கே எஞ்சினை அணைத்து, சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் காத்திருத்தல் வேண்டும்.

"தம்பி, ஓரமா நிப்பாட்டு. இப்பிடியே ஓடினா எஞ்சின் எரிஞ்சுபோம்."

"இஞ்சையோ?"

"இஞ்சதான்."

"வெள்ளவத்தையில நிப்பாட்டுறன் அண்ணை. அங்க எங்கட தமிழ் ஆக்கள் இருக்கினம்."

"நடந்து போறவன் எங்களை முந்திக்கொண்டு போறான்," என்று பின்னிருக்கையிலிருந்து வசந்தி சொன்னாள். "மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிக் கிடக்கு. உங்கட அண்ணை சொல்லுறதைக் கேளுங்கோவன்!"

"நீ பேசாம இரு."

போர்க்காலத்தில் இதே வீதியில்தான் எங்கள் பழைய கார் நின்றுபோனது. தம்பியைக் காவலுக்கு விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடி நான் நடந்தேன். வீதியோரத்தில் காரணமின்றி நிற்கும் காரைக் குண்டென்றே கருதிய காலம் அது. நான் திரும்பியபோது வீதி வெறிச்சோடிக் கிடந்தது. இருபுறமும் படையினர் கயிறு கட்டியிருந்தார்கள். தம்பி மேற்சட்டையின்றி, கைகளைத் தலையில் வைத்தபடி, தார்மீது முழந்தாளிட்டிருந்தான். நான் கயிற்றுக்கு இப்பால் நின்றேன். அவனுடைய அண்ணன் என்று எவரிடமும் சொல்லவில்லை. பதினொரு நாள்களுக்குப் பின்னர் அவனை விட்டார்கள். அந்நாள்களைப் பற்றி இன்றுவரை அவன் கதைத்ததில்லை. அவ்வாண்டே நான் நாட்டைவிட்டு நீங்கினேன்.

கனடாவின் நெடுஞ்சாலையில் முதன்முறை இவ்விளக்கு எரிந்தபோது, கைந்நூல் சொன்னவாறு ஓரங்கட்டினேன். ஒரு பொலிஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி ஏதோ வினவினார். நான் இரு கைகளையும் வெளியே நீட்டி, பெயர், விலாசம், வந்த நோக்கம், தங்கும் காலம் யாவற்றையும் ஒப்புவித்தேன். முன்னர் வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியபோது, தமிழருக்கு விதித்திருந்த பொலிஸ் பதிவுக்காகச் சொல்லிப் பழகிய அதே ஒழுங்கு. அவர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "ஐயா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்" என்றார். அன்றுதொட்டு விளக்கு எரிந்தால் நிறுத்திவிடுகிறேன். அங்கே நிறுத்துவதற்குத் துணிவு வேண்டியதில்லை. இதைத் தம்பிக்குச் சொல்ல நேற்று வாயெடுத்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பற்றியிருந்த விதத்தைக் கண்டு அடங்கிவிட்டேன்.

பம்பலப்பிட்டியில் புகை எழுந்தது. வெள்ளவத்தையில் ஒரு கராஜின் வாசலில் கார் தானாகவே நின்றது. "நேரம் போகுது. நீங்கள் ரெண்டு பேரும் காரைப் பாருங்கோ, நான் போய்ச் சேருவன்" என்று வசந்தி முச்சக்கர வண்டியொன்றை மறித்து ஏறினாள். அதன் கம்பியை அவள் இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

கராஜ்காரர் ஒரு சிங்களவர். எல்லோரும் பாஸ் என்றே அழைத்தார்கள். எஞ்சினை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அய்யே, லைட் எக்க தெக்கே நெத்த?" என்றார். விளக்கைக் காணவில்லையா என்று பொருள். எரிந்த இடத்திலேயே நிறுத்தியிருந்தால் ஒரு குழாயை மாற்றுவதோடு முடிந்திருக்கும், இனி இந்த எஞ்சின் உதவாது என்றார்.

"தெக்கே நே," என்றான் தம்பி. காணவில்லையாம்.

வசந்திக்கு மறுபடியும் சிகிச்சை நாளை. நான் விமானம் ஏறுவதும் நாளை. பாஸ் என் காலிலிருந்த சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, இவர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நான் சொற்களைத் தேடுமுன் தம்பி சொன்னான்: "அபே அய்யா. பிட்ட ரட்ட." எங்கள் அண்ணன், வெளிநாடு.

காரை உள்ளே தள்ள வேண்டியிருந்தது. நான் குனிந்து கை வைத்தேன். "எப்பா மாத்தயா," வேண்டாம் ஐயா, என்று பாஸ் என்னை மரியாதையோடு அப்பால் நிறுத்தினார். அவரும் தம்பியும் தள்ளிக்கொண்டு போனார்கள். காரைத் தொட்டுச் சூடேறிய கைகளைத் தொங்கவிட்டபடி நான் வீதியோரத்தில் நின்றேன்.