அல்லூருக்கு அடியில் போட்ட குழாய்

மண்ணுக்கடியில் புதைத்த குழாயைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு குழிக்குள் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைக் குழாய்க்குள் அனுப்ப வேண்டும். இன்னொருவர் அடுத்த குழியில் குப்புறப் படுத்து உள்ளே பார்க்க வேண்டும். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழாய் சுத்தமாக, நேராக இருக்கிறது. பாதி வட்டம் என்றால் மண் அடைத்திருக்கிறது, அல்லது நடுவில் எங்கோ உட்கார்ந்துவிட்டது. படுத்துப் பார்ப்பவர் என் வீட்டுக்காரர். கண்ணாடி பிடிப்பவள் நான். கண்ணாடியும் என்னுடையதுதான். ரப்பர் தோட்டம் கொடுத்த கண்ணாடி உடைந்தபோது கணக்கெழுதும் கிராணி வேறு வாங்கித் தரவில்லை. ரெங்கம் டவுனில் சீனக் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய, நான் முகம் பார்க்கும் கண்ணாடியைத்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓர் அல்லூர், சின்ன ஓடை, ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. பள்ளத்தில் பாதி தேங்கி, பாதி கசிந்து கிடந்த தண்ணீர் அது. அதில் கொசு முட்டையிட்டது, கொசு எங்களைக் கடித்தது, நாங்கள் வரிசையாகக் காய்ச்சலில் விழுந்தோம். என் முதல் இரண்டு பிள்ளைகளும் தவழுவதற்கு முன்பே போய்விட்டன. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கொய்னா மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு, "உங்க ஆளுங்களுக்கு ஒடம்புல பலமே இல்ல" என்பார். பலம் எங்கிருந்து வரும், அவர் வீட்டுச் சட்டியிலிருந்தா?

அப்புறம் யாரோ மேலிடத்தில் சொல்ல, அந்தப் பள்ளத்தில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்தார்கள். ஒன்றோடொன்று முட்டவைத்து, சிமெண்டு பூசாமல் விட்டுவிடுவார்கள். இடுக்கு வழியாக நிலத்துத் தண்ணீர் உள்ளே இறங்கிக் கீழே போய்விடும். மேலே கல், லாலாங் புல், அதற்கும் மேலே மண். அல்லூர் காய்ந்தது. அதன்பின் பிறந்தவள் என் மகள். ஆயாக் கொட்டகையில் இருக்கமாட்டாள், எங்கள் பின்னாலேயே வருவாள். நான் கண்ணாடியைத் திருப்பும்போது புல்லில் விழும் வெளிச்சத்தைக் காலால் மிதிக்க ஓடுவாள். அவளுக்காகவே கொஞ்ச நேரம் அதை அங்கும் இங்கும் ஆட்டுவேன். "வெளையாட்டு போதும், குழில பிடி" என்று என் வீட்டுக்காரர் கத்துவார். மூன்று வயது வரை அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் கிடையாது.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் பாதி ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். மிச்சமிருந்தவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள். ஆனால் வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் டென்னிஸ் ஆட இடம் வேண்டும் என்று மேட்டின் கீழே இருந்த மரங்களையெல்லாம் வெட்டியது அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். காய்ச்சல் கொசுவுக்கு வெயில் படும் தண்ணீர்தான் பிடிக்கும்; நிழல் போனதும் அங்கிருந்த பள்ளத்திலும் கொசு வந்துவிட்டது. தொரையம்மா நடுக்கம் கண்டு படுத்தார். எங்களுக்கும் பாவமாகத்தான் இருந்தது. அந்த நடுக்கம் எங்களுக்குத் தெரியாதா என்ன?

தொரை அல்லூர்க் குழாயைப் பார்க்க வருகிறார் என்று கிராணி சொல்லியனுப்பினார். அதுவரை தொரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரருக்குப் பயம். குழாய் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்தால் இந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிடுவாரோ, நம்மையும் கப்பலேற்றுவாரோ என்று. முதல் நாளே குழிகளில் இறங்கிச் சேற்றை வழித்து, தண்ணீர் ஊற்றி அலசினார். நான் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைத்தேன். பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் செய்வது போலச் செய்தோம், புத்தி கெட்டவர்கள்.

தொரை மண்டியிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் முழு வட்டம்.

"குழாய் எப்படி?" என்று கேட்டார்.

"கல்லு மாதிரி இருக்கு தொரை. இன்னும் என் ஆயுசுக்கும் தாங்கும்" என்றார் என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டே சொன்னார். தொரையும் சிரித்தார்.

அடுத்த வாரம், விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டில், எங்கள் வேலை எது என்று கிராணி சொன்னார். அல்லூர்க் குழாயைத் தோண்டியெடுத்துப் பங்களாப் பள்ளத்தில் போட வேண்டும்.

"எங்க லயத்துக்கு என்னங்க ஐயா?" என்று கேட்டேன்.

"தண்ணி மேல கொசு எண்ணெய் அடிப்பாங்க. புதுக் குழாய்க்குக் காசு ஏது? நல்ல குழாய்னு உன் புருஷன்தானே சொன்னான்."

தோண்டினோம். வெளியே வந்த குழாயை இவர் ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டிப் பார்த்தார். கணீர் என்றால் மாட்டு வண்டிக்கு, மொத்தென்றால் விரிசல், ஓரமாகப் போட வேண்டும். தொரை குடையோடு பக்கத்தில் நின்றார்.

"எல்லாம் விரிசல்னு சொல்லுங்க" என்று காதோரம் சொன்னேன்.

"சத்தம் அவருக்கும்தானே கேக்குது. நா என்ன பண்ணுவேன், புள்ள?"

வண்டிக்குத் தூக்கிப் போன ஒரு குழாயைக் கல்லின் மேல் நழுவவிட்டேன். அடுத்ததையும் நழுவவிட்டேன். வேலை மேய்க்கும் மண்டோர் என்னை வரிசையை விட்டு வெளியே போகச் சொன்னான். அன்று எனக்கு அரைப் பேர்தான் போட்டார்கள், அரைக் கூலி. அதற்கு நான் வருத்தப்படவில்லை. இன்னும் நாலு உடைக்கவில்லையே என்றுதான்.

எண்ணெய் அடித்தார்கள், கொஞ்ச நாள். பிறகு டின் காலி, சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். மழை வந்தது, பள்ளம் நிறைந்தது. லயத்தில் அடுப்பெரியாத வீடுகள் கூடின. என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கொய்னாவைச் சர்க்கரையில் உருட்டிக் கொடுத்தாலும் துப்பினாள். வலிப்பு வந்த அன்று பகலிலேயே போய்விட்டாள். டிரஸர் பலத்தைப் பற்றி ஆரம்பித்தார். வாயை மூடுங்கள் என்று நான் சொன்னதை லயமே கேட்டது.

கருமாதி முடிந்ததும் பங்களாக் குழாயைச் சோதிக்க எங்களுக்கு ஆள் வந்தது. போனோம். போகாமல் எங்கே சாப்பிடுவது? தொரையம்மா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. குழாய் புதைத்த நாட்களில் என் மகளை அங்கே பார்த்திருந்த அவர், என்னையும் என் பின்னாலும் பார்த்தார். தெரிந்த கொஞ்சத் தமிழில், "சின்னப் பாப்பா வரல?" என்று கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அதற்காகவும் அவரை நான் மன்னிக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் குழியில் இறங்கிக் கண்ணாடியைச் சாய்த்தேன். வெளிச்சம் முதலில் புல்லில் விழுந்தது. மிதிக்க யாரும் ஓடி வரவில்லை.

அடுத்த குழியில் இவர் படுத்தபடியே கிடந்தார்.

"என்ன, குழாய் சரியில்லையா?" என்றார் தொரை.

"குழாய் நல்லா இருக்கு தொரை. கண்ணாடி பிடிக்கிற கைதான் ஆடுது."

"அப்ப வேற ஆளுகிட்ட குடுக்கச் சொல்லு."

மண்டோர் கையை நீட்டிக்கொண்டு வந்தான். நான் குழியிலிருந்து ஏறி, கண்ணாடியை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"இது என் கண்ணாடி" என்று சொல்லிவிட்டு லயத்துக்கு நடந்தேன்.