நம்பர் அடிக்காத போல்ட்

1. துளை

அந்தத் துளையை அடைத்தவன் நான்தான். தொழில் பழகும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பெருமையாக நாலு கதை எழுதலாம். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் முழுப் பொய்.

அப்போது 2009. சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரில் குடியிருந்தேன், பக்கத்து ஊரில் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. இங்கிலாந்தில் கட்டிய சின்ன நீராவி எஞ்சின் ஒன்று எங்களிடம் வந்தது. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் மாடாய் உழைத்து ஓய்ந்ததை, பழைய ரயில்களைப் பேணும் சங்கம் ஒன்று வாங்கியிருந்தது. மில்லிமீட்டரில் பிறந்து வளர்ந்த சுவிஸ்காரருக்கு அதன் அங்குலக் கணக்குப் பிடிபடவில்லை. அவர்களுடைய ஸ்பானர் ஒன்றும் பொருந்தாது. நானோ ஊரில் பழைய இங்கிலிஷ் லொறிகளோடு மாரடித்தவன். நட்டைப் பார்த்ததுமே அளவைச் சொல்லிவிடுவேன்.

"அப்ப கொதிகலன் உன்ர பொறுப்பு," என்றார் பட்டறை முதலாளி ரூடி. "இது ஒழுங்கா முடியட்டும், உன்ர பெர்மிட்டுக்குக் கன்டோன் அரசுக்குக் கடிதம் தாறன்." அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். பதினொரு வருடமாகத் தற்காலிக எஃப் பெர்மிட்டில் இருந்தவன் நான். ஒழுங்கான வதிவிட உரிமைக்கு பி பெர்மிட் வேண்டும்; அதற்கு அந்தக் கடிதம் வேண்டும்.

எஞ்சினில் நெருப்பு எரியும் பெட்டிக்கு இரண்டு தகடு, நடுவில் தண்ணீர். இரண்டையும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கும். ஒவ்வொரு போல்ட்டின் நடுவிலும் வெளிப்பக்கத்தில் மெல்லிய துளை ஒன்று உண்டு. உள்ளே போல்ட்டில் வெடிப்பு விழுந்தால் அந்தத் துளையால் தண்ணீர் கசியும். கசிந்தால் போல்ட்டை மாற்ற வேண்டும், வேறு கதையே இல்லை. வெல்டிங் வைத்த இடமெல்லாம் பக்கத்தில் அவரவர் நம்பரை அடிக்க வேண்டும். என் நம்பர் 14.

2. வெள்ளிக்கிழமை

சண்டை நடந்த வன்னியில் இருந்த அக்காவிடமிருந்து ஒரு மாதமாகச் சத்தம் இல்லை. அந்த வெள்ளி ஜெனீவாவில் ஐ.நா. முன்னால் எங்கள் சனத்தின் ஆர்ப்பாட்டம். "தண்ணி டெஸ்டை முடிச்சுப்போட்டுப் போ. திங்கள் இன்ஸ்பெக்டர் வாறார்," என்றார் ரூடி.

பம்பை அடித்துக் கொதிகலனில் அழுத்தம் ஏற்றினேன். கீழ் வரிசை மூலையில் ஒரு துளி. துடைத்தேன். மறுபடியும் துளி. ரயிலுக்கு நாற்பது நிமிடம். போல்ட்டை மாற்றினால் பொழுது போய்விடும். அழுத்தத்தை இறக்கி, துளையை ஊதிக் காயவைத்து, மேலே ஒரு பொட்டு வெல்டிங் வைத்தேன். புதுசு என்று தெரியாமலிருக்கக் கரி பூசினேன். பிறகு வந்து மாற்றலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பர் அடிக்க மட்டும் கை போகவில்லை.

ஜெனீவாவில் தொண்டை கிழியக் கத்தினோம். உள்ளேயிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை.

3. திங்கட்கிழமை

நான் போகும்போதே இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். போல்ட்டை மாற்ற இனி நேரமில்லை. சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டி வந்தவர் மூலையில் குனிந்தார்.

"இந்த வெல்டிங்குக்குப் பக்கத்தில நம்பர் இல்லை. ஆர் செய்தது?"

ரூடி எட்டிப் பார்த்தார். "இங்கிலாந்துக்காரர் எப்பவோ வைச்சதா இருக்கும்."

"அப்ப சரி," என்று அவர் அடுத்ததைத் தட்டப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எப்போதோ செத்துப்போன எவனோ ஒரு இங்கிலிஷ்காரன் தலையில் பழி விழுந்துவிட்டது. கடிதமும் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

சோதனை முடிய, சங்கத்து ஆள் வெரேனா எஞ்சினில் ஏறினாள். பள்ளிக்கூட ரீச்சர், முதல் நெருப்பை மூட்டப் போகிறவள் அவள்தான். கையில் புதுக் கையுறை. "நீயும் ஏறு! இது உன்ர கொதிகலன்தானே," என்று என்னை நோக்கிக் கை நீட்டினாள். அவள் நின்ற இடத்துக்கும் அந்த மூலைக்கும் இரண்டு முழம்கூட இல்லை.

"மூட்டாதேங்கோ!" என்று கத்திவிட்டேன். "அது இங்கிலாந்துக்காரன் வைச்சதில்லை. நான் வைச்சது."

துளையைத் திறந்து பம்பை அடித்தோம். தண்ணீர் நூலாகப் பாய்ந்தது. கழற்றிப் பார்த்தால் போல்ட் முக்கால்வாசி அறுந்து கிடந்தது. "இது போனா இதின்ர பாரத்தைப் பக்கத்துப் போல்ட் தாங்கோணும். அதுவும் போனா…" என்ற இன்ஸ்பெக்டர் வெரேனாவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன் செய்தனி?" என்றார் ரூடி.

"ஜெனீவாவுக்குப் போற அவசரம். அக்காவுக்காக."

"அங்க ஆரும் கேட்டவையோ?"

"இல்லை."

"இது கத்தினது, நீ கேட்டனி. கேட்டுட்டு அதின்ர வாயை அடைச்சுப்போட்டாய்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வெட்கத்தில் குறுகிப்போனேன். வீட்டுக்குப் போகச் சொன்னார், போனேன்.

4. பதினான்கு

இரண்டு கிழமைக்குப் பிறகு கூப்பிட்டார். புதுப் போல்ட்டைப் போட்டு, அவர் பார்த்து நிற்க நம்பர் அடித்தேன். அந்த வருடம் கடிதம் தரவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை. அடுத்த வருடம் தந்தார். நடந்த பிழையும், நானே ஒத்துக்கொண்டதும், இரண்டும் அதில் இருந்தன. பெர்மிட் கிடைத்தது. அக்காவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

ஓய்வு பெற்ற பின்பும் ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் நெருப்புக்கு முன் போய், எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி, துளை துளையாக விரலால் தடவிப் பார்க்கிறேன். வெரேனா நான் தலையாட்டும் வரை தீக்குச்சியைத் தொடமாட்டாள்.

பிள்ளைகளே, உங்கள் நம்பரைப் பெரும்பாலும் யாரும் தேடி வாசிக்கப் போவதில்லை. ஆனாலும் அதை அடிக்கக் கை தயங்கினால், வேலை முடியவில்லை. ரயில் போனால் போகட்டும். போல்ட்டைக் கழற்றுங்கள்.