மீன் தொடாத கை

ரிஸ்குல் கையுறைக்கு மேல் இன்னொரு கையுறையை மாட்டிக்கொள்கிறாள். படகோட்டி வந்த கணவன் சகிந்திக், மீன் வாடை அடிக்கும் சட்டையோடு பின்கோடியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். "அங்கேயே இருங்க, மூச்சைக்கூட அந்தப் பக்கமா விடுங்க" என்று உத்தரவு. பாட்டிலைக் கடலில் முக்கி எடுத்து, மூடித் திருகி, பச்சைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொள்கிறாள்.

அரால் கடலில் நீந்தும் எந்த மீனும் கொஞ்சம் சளியையோ செதிலையோ தண்ணீரில் விட்டுத்தான் போகும். அந்தத் தண்ணீரை வடிகட்டி, டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தால் எந்த மீன் வந்து போனது என்று தெரிந்துவிடும். ஊர் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. "உங்களுக்கு வலையில விழுந்தாத்தான் மீன். எனக்கு அது தும்மினாலே போதும்!" என்று சகிந்திக்கைச் சீண்டுவாள்.

அவள் தேடுவது பில்மாய். கடல் வற்றியபோது காணாமல் போன பெரிய மீன். சில வருஷங்களாக அதன் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஒன்றுகூட வலையில் சிக்கவில்லை. இந்த வருஷமும் தடயம் இல்லையென்றால் குஞ்சு விடுவதையே நிறுத்திவிடுவார்கள்.

போன வருஷம் தடயம் கிடைத்தது. துள்ளிக் குதித்தாள். ஆனால் வேறெதுவும் கலக்கவில்லை என்று உறுதிசெய்யக் கூடவே கொண்டுபோன சுத்தத் தண்ணீர் பாட்டிலிலும் பில்மாய்! காய்ச்சி வடித்த தண்ணீருக்குள் மீன் எப்படிப் போகும்? தண்ணீர் எடுப்பதற்கு முந்தின நாள் கல்யாண விருந்தில், காஸ்பியன் கடல் பக்கத்துச் சம்பந்தி பண்ணையில் வளர்த்த பில்மாயை மரியாதைக்காக அவளுக்குக் கையாலேயே ஊட்டியிருந்தார். ருசி பிடித்துப்போய் இவளும் கைநிறைய எடுத்துத் தின்றிருந்தாள். அந்தக் கையில் ஒட்டியிருந்ததுதான் பாட்டிலுக்குள் போய், கிடைத்த தடயத்தையே செல்லாமல் ஆக்கிவிட்டது. அழுது தீர்த்தாள்.

அன்றோடு மீனை விட்டாள். இப்போதெல்லாம் விருந்துகளில் இரண்டு கன்னத்திலும் பௌர்சாக் என்ற பொரித்த மாவு உருண்டைகளை அடைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஊட்ட வருபவருக்கு இடமே இருக்காது.

"மீன்காரன் பொண்டாட்டிக்கு மீனைக் கண்டா பயமாம்!" என்பாள் நாத்தனார் சாவ்லே.

"நான் தின்னா பில்மாய்க்குத்தான் ஆபத்து அண்ணி!" வாய் நிறைய மாவோடு பதில் வரும்.

படகில் எடுத்த அந்தத் தண்ணீருக்கு ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கடல் தண்ணீருக்குத் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது. அடுத்து சுத்தத் தண்ணீர். ரிஸ்குல் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஆய்வுக்கூட வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் சந்தையைத் தாண்டிக் கரைக்கு ஓடினாள்.

"இருக்குங்க! பில்மாய் இருக்கு! சுத்தத் தண்ணி வாயே திறக்கல!"

"நெசமாவா சொல்ற?" வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான் சகிந்திக். கரை முழுக்க ஒரே கூச்சல். யாரோ சுட்டு வைத்திருந்த மீனில் ஒரு துண்டைப் பிய்த்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இன்னிக்காவது தின்னு. மறுக்கக் கூடாது."

"நாளைக்கு ஆத்து முகத்துல தண்ணி எடுக்கணுமே..."

"வாயைத் தொறடி!"

ரிஸ்குல் சிரித்துக்கொண்டே வாயை அகலத் திறந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டாள்.