அவர் வண்டியின் ஸ்டாண்டு

என் கணவரின் உடம்பு கெடத் தொடங்கியதை முதலில் காட்டிக்கொடுத்தது அவருடைய மோட்டார் சைக்கிள்தான்.

பட்டாளத்தில் ஓடித் தேய்ந்து, ஏலத்துக்கு வந்து, பொன்னேரியில் ஒரு மெக்கானிக்கிடம் கிடந்த வண்டி அது. தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த கனத்த வண்டி. எழுபதுகளின் நடுவில் அவர் அதை வாங்கினார். பின்னால் இரும்புக் கேரியர் வைத்து, ஐஸ் போட்ட இறால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சுண்ணாம்புக்குளம், காட்டூர் என்று சுற்றி இறால் வாங்கிப் பொன்னேரியில் போய் இறக்குவார். பழவேற்காடு ஏரியை ஒட்டிய எங்கள் குப்பத்தில் நான் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை.

அந்த வண்டியை நிறுத்துவதே ஒரு வேலை. பக்கத்தில் ஒரு காலில் நின்றுகொண்டு, மறுகாலால் சென்டர் ஸ்டாண்டை அழுத்தி மிதித்து, கேரியரைப் பிடித்துப் பின்பக்கம் தூக்க வேண்டும். பெட்டியோடு சேர்த்து அதை ஒரே மூச்சில் ஏற்றிவிடுபவர், ஒரு மழைக்காலம் முடிந்ததும் இரண்டு மூன்று தடவை முயன்றும் ஏற்ற முடியாமல் நின்றுவிட்டார்.

"ஸ்டாண்டு டைட்டா கீது மே. துரு புடிச்சிருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

கிரீஸ் தடவியும் அப்படியேதான் இருந்தது. பழவேற்காடு பஜாரில் படகு நங்கூரங்களுக்குப் பற்றவைக்கும் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனோம். பாய் ஸ்டாண்டை ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"ஸ்டாண்டு நல்லாத்தான் கீது. உன் கால்ல இன்னா?"

"கால்ல ஒண்ணும் இல்ல பாய். மிதிக்கிற கம்பிய கொஞ்சம் நீட்டி உடு."

பாய் வண்டியைச் சாய்த்துப் படுக்கவைத்தார். மிதிக்கும் இடத்தில் ஒரு குழாய்த் துண்டைப் பற்றவைத்து நீட்டினார். அதிகம் தூக்க வேண்டாமென்று ஸ்டாண்டின் இரண்டு கால்களையும் சற்றே அறுத்துக் குட்டையாக்கினார். வண்டி சுலபமாக ஏறியது. வீட்டுக்கு வந்ததும் மணலில் புதைந்து சாய்ந்தது. மறுநாள் பாய் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் இரண்டு தகடு வெட்டி, வாத்துக்கால் மாதிரி அகலமாக அடியில் வைத்துக் கொடுத்தார். அன்றைக்கு என் கணவர் சிரித்ததைப் பார்த்து, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நானும் நம்பினேன்.

அடுத்த வருஷம் இடது கால் தரையில் இழுபட ஆரம்பித்தது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முட்டியில் தட்டிப் பார்த்தார்கள், ஊசியால் குத்திப் பார்த்தார்கள். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் என்னிடம் சொன்னார்: "நரம்பு செத்துக்கிட்டே வருதும்மா. இதுக்கு மருந்து இல்லை." வெளியே வந்ததும் அவர் கேட்டார், "இன்னா சொன்னாரு?" "சத்து மாத்திரை குடுத்திருக்காரு" என்றேன். என் முகத்தையே பார்த்தார்.

அந்த வண்டியில் கியர் வலப்பக்கம். அதனால் ஓட்ட முடிந்தது; இடப்பக்கக் கால் பிரேக்கை விட்டுக் கைப் பிரேக்கால் சமாளித்தார். ஸ்டாண்டு போட்டு நிறுத்தத்தான் முடியவில்லை. சென்டர் ஸ்டாண்டை விட்டுவிட்டு சைடு ஸ்டாண்டுக்கு மாறினார். அதையும் இடது காலால்தான் தள்ள வேண்டும். பாய் அதற்கு ஒரு வளையம் பற்றவைத்து, நைலான் கயிறு கட்டி, கயிற்றை டாங்க் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டினார். உட்கார்ந்தபடியே குனிந்து கையால் தள்ளி இறக்கலாம், கயிற்றை இழுத்து ஏற்றலாம்.

இருந்தும் வண்டியிலிருந்து இறங்குவது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. சவுக்குத் தோப்பு முனையில் வரும்போதே ஹாரன் அடிப்பார். கையில் இருக்கிற மீனைப் போட்டுவிட்டு ஓடுவேன். நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, என் தோளில் கை வைத்து இறங்குவார். வெளியூர்களில் யாரையும் பிடிக்கச் சொல்ல மாட்டார். "டைம் ஆச்சுபா" என்று வண்டியில் இருந்தபடியே இறாலை வாங்கிக்கொள்வாராம். திமிர் பிடித்தவன் என்று பேசிக்கொண்டார்கள். தாகத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வருவார்.

இறால் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராக, சைடு ஸ்டாண்டை மேலே இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் மேல்தான் விழுந்தது. காட்டூர்ப் பக்கம் போகும்போது ஒரு நாள் ஸ்பிரிங் அறுந்துவிட்டது. கயிறு தளர்வாகக் கிடந்ததால் ஸ்டாண்டு கீழே தொங்கியது; அது அவருக்குத் தெரியவில்லை. இடது வளைவில் வண்டி சாய்ந்ததும் அது தரையில் குத்தி, வண்டியைத் தூக்கிப் போட்டது. இடது கால் சூடான என்ஜினுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உணர்ச்சி எல்லாம் இருந்தது, இழுத்துக்கொள்ளத்தான் பலமில்லை. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கும்வரை, வெந்துகொண்டே கிடந்திருக்கிறார்.

தகவல் கேட்டுப் பாய் வீட்டுக்கு வந்தார். வாசலில் கிடந்த வண்டியைப் பார்த்தார். அறுந்த ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு ஸ்பிரிங் போட்டிருக்கணும் தங்கச்சி. ஒண்ணு போனா இன்னொண்ணு புடிச்சிருக்கும்" என்றார்.

"உடு பாய்" என்று உள்ளேயிருந்து என் கணவர் சொன்னார். "ஸ்பிரிங்கா என் காலைத் தின்னுச்சு?"

புண் ஆறுவதற்குள் கைகளும் போக ஆரம்பித்தன. சோறு பிசைய முடியவில்லை. அந்த நிலையிலும், வண்டியில் ஒருதரம் உட்கார வேண்டும் என்று கேட்டார். நான் பாயிடம் போய்ச் சொன்னேன். வண்டி அசையாமல் நிற்கும்படி இரண்டு பக்கமும் குழாய்க் கால் வைத்து, அடியில் குறுக்குச் சட்டம் கொடுத்துப் பற்றவைத்தார் பாய். நானும் பாயுமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். பாய் உதைத்து ஸ்டார்ட் செய்தார். அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். என் கணவர் இடது கையை கிளட்சின் மேல் வைத்தார். விரல்கள் மடங்கவில்லை. வலது கையால் அந்த விரல்களை மடக்கப் பார்த்தார்.

"எறக்கி உடு மே" என்றார்.

அதற்குப் பிறகு வண்டி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஒரு பழைய இரும்புக்காரர் வந்து கொண்டுபோனபோதும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார்.

பேச்சு போனது கடைசியில். கண் மட்டும் அசையும். தண்ணியா, புரட்டிப் படுக்க வைக்கவா, ஈ உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஆமென்றால் கண்ணை மூடு என்று சொல்லியிருந்தேன். சில நாட்கள் நான் கேட்ட எதற்கும் அவர் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு முடித்தபின், என்ன வேண்டும் என்று தெரியாமலே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.