சகுந்தலாவின் சோப்பு

கருப்புக் கரை போட்ட அஞ்சலட்டை நேற்று வந்தது. மாற்றலாகிச் செங்கற்பட்டு வந்துவிட்ட எனக்கு, சகுந்தலாவின் காரியத்துக்கு முதல் நாள்தான் அவள் இறந்ததே தெரிந்தது. நம் மாதர் சங்கத்தில் சோப்புக் காய்ச்சக் கற்றவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும். அதற்குக் காரணம் நான்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் கொல்லைச் சுவர் ஒன்று. நான் சங்கத்தில் தையல் டீச்சர். அவள் பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீட்டின் இரண்டாவது மருமகள். அந்த வீட்டு மருமகள்கள் வாசலைத் தாண்டுவது கோயிலுக்கும் பிரசவத்துக்கும் மட்டும். சங்கத்தில் சோப்பு வகுப்பு எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று நான் சொன்னதும், சோப்புக் காய்ச்சத் தெரிந்த அவள், தான் போகட்டுமா என்று துணிந்து மாமனாரிடம் கேட்டுவிட்டாள்.

"நம்ம கெணத்துத் தண்ணியிலே நுரைக்கிற மாதிரி ஒண்ணு காய்ச்சிக் காட்டும்மா. அப்புறம் போவலாம்" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. அந்த உப்புத் தண்ணீரில் எதுவும் நுரைக்காது என்று தெரிந்த மனிதர்.

சமையலறை கொடுத்தது கடலை எண்ணெய். அதில் காய்ச்சிய சோப்பு தண்ணீர் பட்டதும் திரிதிரியாகப் பிரிந்தது. கடைச் சோப்பின் உறையில் தேங்காய் எண்ணெய் என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் அவளுக்குக் கிடைப்பது தலைக்குத் தடவ வாரம் ஒரு கரண்டி. தடவுவதை நிறுத்திவிட்டு அதைச் சேர்த்தாள். மூன்று மாதம்!

"காஞ்ச தலையோட நிக்கிறியே, யாருக்குடி துக்கம்?" என்று மாமியார் கத்தினார்.

"தலை காஞ்சா காயட்டும் டீச்சரம்மா, நுரை வரணும்" என்றாள் என்னிடம்.

வந்தது. கிணற்றடியில் அவள் முழங்கை வரை வெள்ளை நுரை. வீடே கூடி வேடிக்கை பார்த்தது. மாமனார் தானும் கை கழுவிப் பார்த்து மனதாரச் சிரித்தார்.

"ஜோரா இருக்குதும்மா. இனிமே பட்டு நூலைப் பசை போவ வேக வைக்கக் கடை சோப்பு வாணாம், நீயே போட்டுடு. கிளாசுக்குப் போய்க்கினு இருந்தா இதை யார் பாக்கறது?"

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நுரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவள் இடம் கொல்லையில் அந்தச் சோப்புச் சட்டியடிதான்.

வகுப்பை நான் எடுத்தேன். அவள் சொன்ன பக்குவம், என் வாய். நீங்கள் கேட்ட சந்தேகங்களை மாலையில் சுவரோரம் கொண்டுபோவேன். மறுநாள் பதிலோடு வருவேன். "இன்னிக்கு என்ன கேட்டாங்க? யாரு கேட்டாங்க? எப்படி இருப்பாங்க?" என்று துருவுவாள். உங்களில் பலரை முகம் பார்க்காமலே பெயர் சொல்லி விசாரிப்பாள்.

ஒருநாள் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "இந்த உப்புத் தண்ணியிலயும் நுரைக்குதே, இது யாரு கண்டுபுடிச்சது டீச்சர்?"

"நான்தான்" என்றேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்.

அன்று மாலையும் சுவரோரம் நின்று, "என்ன கேட்டாங்க?" என்றாள். வேறு ஏதோ ஒரு கேள்வியைச் சொன்னேன். அதற்கு அவள் பொறுமையாக, விவரமாகச் சொன்ன பதில் மட்டும் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.